பழைய காரில் விளக்கு மங்கினால்

என் பழைய காரின் முன்விளக்கு மங்கியபோது முதலில் பல்பை மாற்றினேன், பிறகு பேட்டரியையும் மாற்றினேன். இரண்டும் வீண் செலவு. கோளாறு எர்த் கம்பியின், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப விளக்கைக் காரின் பாடியோடு இணைக்கும் கம்பியின், நுனியில் இருந்தது.

ஆகவே கடைக்கு ஓடுவதற்கு முன், வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. சில பழைய வண்டிகளில் 6 வோல்ட்தான்; சிலவற்றில் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். இதைப் பார்க்காமல் பேட்டரியை மாட்டாதீர்கள்.

அடுத்து எர்த். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் எர்த் இணைப்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ தடை. எனக்கு 1.8 காட்டியது! போல்ட்டைக் கழற்றியதும் எர்த் கம்பி நுனியின் உலோக வளையத்தின் அடியிலிருந்து பெயின்டும் துருவும் செதில் செதிலாக உதிர்ந்தன. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்கினேன். மேலே கொஞ்சம் வாசலின்.

எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் பெட்டி. கண்ணாடி ஃபியூஸ் முழுதாகத் தெரியும், அதன் பிடியிலோ பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். விரலால் சுழற்றினாலே சில சமயம் விளக்கு உயிர்பெறும். ஃபியூஸ் அடிக்கடி எரிகிறதா? கூடுதல் ஆம்பியர் போட்டுச் சமாளிக்காதீர்கள். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் காய்ந்து உடைந்து, கம்பி உரசும் இடத்தைத் தேடுங்கள்.