மைதான வாயில் மூடியிருக்கும்போது அணிக்குக் கைகொடுக்க

பார்வையாளர் இன்றி ஆட்டம் நடக்கும் காலத்தில் உங்கள் கால்பந்து அணிக்கு உதவ விரும்பினால், வெளிக்கடையில் சட்டை வாங்குவதைவிட, கழகமே நேரடியாக விற்கும் அடையாள நுழைவுச்சீட்டை (ஆட்டம் பார்க்க அல்ல, ஆதரவுக்காக மட்டும் வாங்கும் சீட்டை) வாங்குங்கள். தயாரித்து அனுப்பப் பொருள் ஏதும் இல்லாததால், கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி கழகத்திடமே தங்கும். நுழைவுச்சீட்டு வசூலை நம்பியிருக்கும் சிறிய அணிகளில் ஊழியர் சம்பளமே அதைப் பொறுத்தது. 2020-இல் பெருந்தொற்றால் ஆட்டங்கள் நின்றபோது, ஜெர்மனியின் லோகோமோட்டிவ் லைப்சிக் அணி, நடக்கவே போகாத ஓர் ஆட்டத்துக்குச் சீட்டு 1 யூரோ என்று விற்று, 1987-இல் பிரான்சின் பொர்தோ அணியுடன் மோதியபோது திரண்டதாகச் சொல்லப்படும் 1,20,000 பேரையும் தாண்டியது. எவ்வளவு பெரிய அன்பு! பருவச் சீட்டு (ஒரு பருவத்தின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே வாங்கும் சீட்டு) வைத்திருப்பவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்காமல் விட்டாலே போதும். தொலைக்காட்சி உரிமத்தில் பெரும்பணம் ஈட்டும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அணிகளுக்கு இது தேவைப்படாது.