ஃப்ரேமிங் நெயில் கன்: வாங்கும்போதும் அடிக்கும்போதும் செய்கிற தவறுகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான வீடுகளுக்கு எலும்புக்கூடே மரம்தான். அங்கே வீடு வாங்கிய நம்மவர்கள் பேஸ்மென்ட்டில் ஓர் அறை தடுக்கவும், பின்பக்கம் டெக் (மரத் தளம்) போடவும் தாங்களே இறங்கிவிடுகிறார்கள். பாதிச் சுவர் எழுவதற்குள் தோள் கழன்றுவிடும். அப்புறம் நேராகக் கடைக்குப் போய் மரச் சட்டம் கட்ட, அதாவது ஃப்ரேமிங்குக்கு, காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கிற ஒரு நெயில் கன்னும் அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரும் வாங்கி வருவார்கள். வேலை வேகமாகும், சந்தேகமில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

சுத்தியலால் அடித்தால் நடப்பது கைக்கே தெரிந்துவிடும். கணுவில் முட்டினால் ஆணி திமிறும். பின்னால் கட்டை இல்லையென்றால் ஒரே அடியில் பொசுக்கென்று உள்ளே போய்விடும். கன்னில் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான். ஆணி கட்டையில் இறங்கினாலும், கட்டையைத் தவறவிட்டு அந்தரத்தில் நின்றாலும், அடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. கன்னைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு ஆணியைத் தேடுகிறார்கள். உண்மையில் ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் கன்னை எடுக்க வேண்டும். ஆணிகள் சரமாகக் கோக்கப்பட்டு வருகின்றன. கோப்பு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணத்து மேகசினில்தான் (கன்னில் ஆணிச் சரத்தைப் போடுகிற பகுதி) அது ஓடும். 21 டிகிரி என்றால் பிளாஸ்டிக் பட்டையில் கோத்த, முழு வட்டத் தலை ஆணி. 30 முதல் 34 டிகிரி என்றால் காகிதப் பட்டை. இதில் ஆணிகள் நெருக்கமாக இருப்பதற்காகத் தலையின் ஒரு பக்கத்தை வெட்டியிருப்பார்கள், அல்லது தலையை ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். 28 டிகிரியில் கம்பி. 15 டிகிரியில் கம்பியால் கோத்துச் சுருட்டிய காயில். ஒன்றுக்குரியதை இன்னொன்றில் போட முடியாது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 28 டிகிரி கன்னை வாங்கிவிட்டு, பக்கத்துக் கடையில் 21ம் 30ம் மட்டுமே இருக்கின்றன என்று பிறகு தெரிந்தால் அந்தத் தள்ளுபடியால் லாபமில்லை.

பிளாஸ்டிக் பட்டை ஒவ்வோர் ஆணி அடிக்கும்போதும் துண்டுதுண்டாகத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. காகிதம் தெறிக்காது, ஆனால் ஈரம் பட்டால் ஊறிப்போய் மேகசினில் சிக்கும். வெட்டிய தலை ஆணியைச் சில ஊர்களின் கட்டட விதிகள் எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. அதனால் புதிதாக வாங்குபவர் முழுத் தலை ஆணி போடும் கன்னை எடுப்பதே தொல்லையில்லாத வழி என்பது என் கணிப்பு.

அடுத்தது ஆணியின் தடிமன். இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பெட்டியில் மூன்றரை அங்குலம் என்று பார்த்ததும் பழைய சுத்தியல் ஆணியும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். சுத்தியலால் அடிக்கிற, 16டி காமன் என்று அமெரிக்க அளவில் சொல்லும் மூன்றரை அங்குல ஆணியின் கம்பி 0.162 அங்குலம், அதாவது நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கன்னில் சாதாரணமாக ஓடுவது 0.131 அங்குலம், சுமார் 3.3 மில்லிமீட்டர். அமெரிக்க வீடுகளுக்கான ஐஆர்சி விதித்தொகுப்பு இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. பிளேட் (சுவரின் மேலும் கீழும் படுத்திருக்கும் கட்டை) வழியாக ஸ்டட்டின் (நிற்கும் கட்டை) முனையில் அடிக்கும்போது, 0.162 தடிமனுள்ள மூன்றரை அங்குல ஆணி என்றால் 2 போதும். 0.131 தடிமனுள்ள மூன்று அங்குல ஆணி என்றால் 3 வேண்டும். ஆக, தாத்தா காலத்துக் கணக்கில் கன் ஆணியை இரண்டு இரண்டாக அடித்துக்கொண்டே போனால் சுவர் முழுக்கக் குறை விழும். கனடாவின் விதி தனி, அங்கே இருப்பவர்கள் தங்கள் மாகாணத்து அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்திலும் ஒரு கண் இருக்கட்டும். 2×4 கட்டையின் உண்மையான கனம் ஒன்றரை அங்குலம்தான். இரண்டைச் சேர்த்து அடித்தால் மொத்தம் மூன்று அங்குலம். அதில் மூன்றரை அங்குல ஆணியை நேராக இறக்கினால் அரை அங்குலம் மறுபக்கம் நீட்டிக்கொண்டு வரும். மறுபக்கம் பெரும்பாலும் யாராவது கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சரி, அடிக்கத் தொடங்கியாயிற்று. இனி வருவது பிரஷர். பெரும்பாலான கன்கள் 70 முதல் 120 பிஎஸ்ஐ வரை வேலை செய்யும். மேல் வரம்பு கன்னிலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. எல்விஎல் (மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்தது) போன்ற இறுகிய கட்டையில் ஆணித் தலை கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். உடனே ரெகுலேட்டரைத் திருகி ஏற்றுவார்கள். பிறகு அதே பிரஷரோடு வெளிச்சுவர் ஓஎஸ்பி ஷீட்டுக்கு (மரச் செதில்களை ஒட்டி அழுத்திய பலகை) போவார்கள். தவறு அங்கேதான். 7/16 அங்குல ஷீட் என்பது சுமார் 11 மில்லிமீட்டர் கனம். அதில் ஆணித் தலை 3 மில்லிமீட்டர் உள்ளே புதைந்தால், ஷீட்டின் கனத்தில் கால் பங்குக்கு மேல் அந்த இடத்தில் போய்விட்டது. காற்று வீசும்போதும் நிலம் குலுங்கும்போதும் சுவர் பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது அந்த ஷீட்டும் அதன் ஓரத்து ஆணிகளும்தான். தலை ஷீட்டின் பரப்போடு சமமாக உட்கார வேண்டும், மேல் தோலைக் கிழிக்கக் கூடாது. குறைந்த பிரஷரில் ஆரம்பித்து, அதே ரகக் கழிவுத் துண்டில் நாலைந்து ஆணி அடித்துப் பார்த்து, கன்னின் மூக்கருகில் இருக்கிற ஆழத் திருகால் சரிசெய்துகொள்ளுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டைச் சுத்தியலால் தட்டிவிடலாம். ஆழமாகப் போனதை மேலே கொண்டுவர வழியில்லை, பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டியதுதான்.

கட்டையைத் தவறவிட்ட ஆணிகள் இன்னும் மோசம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவை அடித்துப் போட்ட பிறகு, கூரைகள் பறந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட குறைகளில் ஒன்று, ஷீட்டைச் சட்டத்தோடு சரியாகப் பிணைக்காதது. வரிசையாக அடித்த ஆணியும் ஸ்டேப்பிளும் கீழே இருந்த சட்டத்தைத் தொடாமலே போயிருந்தன. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கான வரிசை. ஷீட் போட்டதும் ஸ்டட் எங்கே ஓடுகிறது என்று சுண்ணக்கயிறு தட்டிக் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஷீட் முடிந்ததும் உள்பக்கம் போய்ப் பாருங்கள். கட்டையின் பக்கவாட்டில் பளபளவென்று ஆணி தெரிந்தால் அது கணக்கில் சேராது.

கன்னைப் பயன்படுத்தவே கூடாத இடங்களும் உண்டு. பேஸ்மென்ட் தரையில் அடிப் பிளேட்டைக் கான்கிரீட்டோடு பிணைக்க இதால் முடியாது. ஆணி வளையும் அல்லது திரும்பித் தெறிக்கும். அதற்குத் துளை போட்டுக் கான்கிரீட் ஸ்க்ரூ முடுக்குங்கள், இல்லையென்றால் தோட்டாவால் அடிக்கிற கன் தனியாக இருக்கிறது. ஜாய்ஸ்ட் ஹேங்கர் என்கிற உலோகத் தாங்கியிலும் சாதாரண ஃப்ரேமிங் கன் வேண்டாம். ஓட்டையைக் குறிபார்க்க முடியாது, தகட்டில் பட்ட ஆணி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆணி நுனியை ஓட்டையில் வைத்து அடிக்கிற வகைக் கன் அதற்கென்றே விற்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஹேங்கர் மட்டும் என்றால் சுத்தியலே போதும். டெக் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. 2003 இறுதியில் ஆர்சனிக் கலந்த பதப்படுத்தலை வீட்டு உபயோக மரக்கட்டைகளில் நிறுத்தியபின், அதற்குப் பதிலாக வந்த பதப்படுத்தல்களில் செம்பு அதிகம். அது சாதாரண ஆணியைத் தின்றுவிடும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஆணியோ கேட்டு வாங்குங்கள்.

இப்போது டிரிகர். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. டிரிகரைப் பிடித்தபடியே மூக்கை மரத்தில் தொட்டுத் தொட்டு அடிக்கிற முறை ஒன்று. மூக்கை முதலில் அழுத்தி, பிறகு டிரிகரை இழுத்து, ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி தொடங்குவது இன்னொன்று, இதுதான் முழுப் பாதுகாப்பு டிரிகர். முதல் முறையில் என்ன நடக்கிறது என்றால், அடித்தவுடன் கன் உதைத்துத் துள்ளுகிறது. நாம் அதை அமுக்கிப் பிடித்திருப்பதால் மூக்கு மறுபடி மரத்தில் போய் முட்டுகிறது. விரல் இன்னும் டிரிகரில் இருக்கிறது. இரண்டாவது ஆணி புறப்பட்டுவிடும். அது முதல் ஆணியின் தலையில் பட்டு எகிறலாம், கட்டையைப் பிடித்திருக்கும் இடது கையில் இறங்கலாம்.

அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்புகளான நியோஷ், ஓஷா இரண்டும் 2011இல் வெளியிட்ட நெயில் கன் பாதுகாப்புக் கையேடு, ஆண்டுக்கு சுமார் 37,000 பேர் இந்தக் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருவதாகச் சொல்கிறது. வீடு கட்டும் வேலை பழகும் தச்சர்களில் ஐந்தில் இருவர் நான்கு ஆண்டுகளுக்குள் காயப்பட்டதாக ஓர் ஆய்வையும் அது எடுத்துக்காட்டுகிறது. தொட்டு அடிக்கிற டிரிகரில் ஆபத்து மற்றதைவிட இரு மடங்கு என்பதும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் கன்னில் எந்த டிரிகர் என்று நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரிய மரத்துண்டு ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். முதலில் டிரிகரை இழுத்துக்கொண்டு மூக்கை அழுத்துங்கள். ஆணி வந்தால் அது தொட்டு அடிக்கிற வகை. வரவில்லையென்றால், முறையாக ஓர் ஆணி அடித்துவிட்டு, டிரிகரை விடாமலே வேறு இடத்தில் மூக்கை அழுத்துங்கள். இப்போது ஆணி வந்தாலும் அது முழுப் பாதுகாப்பு டிரிகர் அல்ல. பல கன்களில் மாற்றிக்கொள்ள விசையோ தனி டிரிகரோ உண்டு. ஸ்டட்டில் ஆணியைச் சாய்வாக அடிக்கும்போதும் ஏணியில் நிற்கும்போதும் பாதுகாப்பு டிரிகர் தவிர வேறெதுவும் வேண்டாம். பிடிக்கிற கை ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். கணு தெரிந்தால் இரண்டு விரல் தள்ளி அடியுங்கள்.

ஆணி சிக்கினால் முதல் வேலை ஹோஸைக் கழற்றுவது. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கன்னில் மாட்டியிருக்க வேண்டியது ஆண் முனை. தானாக அடைத்துக்கொள்கிற பெண் முனை ஹோஸில் இருக்க வேண்டும். அப்போதுதான் கழற்றியதும் கன்னுக்குள் இருக்கும் காற்று வெளியேறும். மாற்றி மாட்டினால் ஹோஸ் இல்லாத கன்னே இன்னோர் ஆணியைச் சுடும்.

கம்ப்ரசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோஸின் உள்விட்டம் 3/8 அங்குலம் வேண்டும், கால் அங்குலம், மெல்லிய ஆணி அடிக்கிற சின்ன பிராட் கன்னுக்குத்தான். தூரம் அதிகமானால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் கம்ப்ரசரை ஓட்டி மோட்டாரைக் கருக்க வேண்டாம், ஹோஸை நீட்டுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு வாயு சிலிண்டரையோ ஒருபோதும் கன்னோடு இணைக்கக் கூடாது, வெடிக்கும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கன் ஸ்ப்ரூஸ், பைன் போன்ற மெத்தென்ற மரத்துக்காகச் செய்தது. தேக்கு நிலையை வெட்டிப் பொருத்துகிற ஆசாரிக்கு இதில் வேலை கிடையாது. பேக்கிங் பெட்டி, பேலட் செய்கிற பட்டறைக்கு காயில் கன் சரி. பிளைவுட் அலமாரிக்கு எஃப்30 பிராட் கன்னே போதும்.

எண்ணெய் விஷயம் கன்னின் கையேட்டில் இருக்கும். சில கன்கள் எண்ணெய் கேட்காதவை, விட்டால் கெடும். மற்றவற்றுக்குக் காலையில் காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று சொட்டு, அதற்கென்று விற்கிற ஏர் டூல் எண்ணெய். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங் கெட்டுப்போகும். சாயங்காலம் கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். டொரன்டோ குளிரில் அந்தத் தண்ணீர் ஹோஸுக்குள் உறைந்தால் மறுநாள் காலையில் கன் சுடாது, அப்போது கன்னைப் பிரிப்பதற்கு முன் ஹோஸை ஹீட்டர் இருக்கும் அறைக்குள் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள்.