ஆற்று நைட்ரேட் கடலுக்குப் போய்ச் சேர்கிறதா? உப்போடு சேர்த்து அளந்து பாருங்கள்

முகத்துவாரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு லேபுக்கு அனுப்பினால் ஒரு நைட்ரேட் எண் வரும். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே ஆற்றில் 40 இருந்தது, இங்கே 12 என்றால், கடல்நீர் கலந்து நீர்த்துப் போனதா, இல்லை வழியிலேயே பாசி தின்றுவிட்டதா? இதைப் பிரித்துக் காட்டுவது உப்புதான், ஏனென்றால் உப்பை எந்தப் பாசியும் தின்பதில்லை.

பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும் வெள்ளாற்றையே எடுத்துக்கொள்வோம். வற்றம் தொடங்கியதும் படகில் ஏறி, கிலோமீட்டர் கணக்கில் இல்லாமல் உப்பின் கணக்கில் நிறுத்துங்கள்: உப்புமானி (ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் உப்பு என்று காட்டுவது) 0 காட்டும் இடம், 5, 10, 15 என்று கடல் வரை. நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்கும் என்பதால் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் மொள்ள வேண்டும், உப்பையும் அதே பாட்டில் நீரில்தான் பார்க்க வேண்டும். உடனே வடிகட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். பாசிக்கு வேண்டிய மற்ற சத்துகளான சிலிக்கேட், பாஸ்பேட்டையும் பார்க்கலாம். சிலிக்கேட் பார்ப்பதென்றால் கண்ணாடி பாட்டில் வேண்டாம், கண்ணாடியே சிலிக்காவைக் கசியவிடும். பாஸ்பேட்டுக்கு, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பாட்டில் ஆகாது.

மீன்தொட்டிக்கு விற்கிற கிட் இதற்குப் போதாது, கடலில் இருக்கும் சிறிய அளவை அது காட்டாது. லேப் தரும் எண் நைட்ரேட்டா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனா என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் சுமார் 4.4 மடங்கு வித்தியாசம்.

அப்புறம் வரைபடம். கிடையாக உப்பு, நெட்டாக நைட்ரேட், ஆற்று முனையையும் கடல் முனையையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். உதாரணமாக ஆற்றில் உப்பு 0, நைட்ரேட் லிட்டருக்கு 40 மைக்ரோமோல். கடலில் உப்பு 34, நைட்ரேட் 2. வெறும் கலப்பு மட்டும் நடந்தால் உப்பு 17 உள்ள இடத்தில் 21 இருக்க வேண்டும். உங்களுக்கு 12 வந்தால் 9 வழியில் போய்விட்டது: பாசி எடுத்திருக்கும், அல்லது சேற்றில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டிருக்கும். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் நடுவில் எங்கோ சாக்கடையோ இறால் பண்ணைக் கழிவோ சேர்கிறதாக இருக்கலாம். பாஸ்பேட் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு யார் மேலும் பழி போடாதீர்கள், ஆற்று வண்டல் உப்புநீரைத் தொட்டதுமே தன்னிடம் ஒட்டியிருந்த பாஸ்பேட்டை விட்டுவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் பெரிய வெள்ளம் வந்தால் இந்த முறை ஆற்றுக்குள் பலிக்காது. முகத்துவாரம் வரை நன்னீர்தான், கலப்பெல்லாம் வெளியே கடலில் நடக்கும். கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காததால் பாசியும் அங்கே வளராது, வண்டல் படிந்து தண்ணீர் தெளிகிற இடத்தில்தான் நைட்ரேட் குறையத் தொடங்கும். அந்த நாட்களில் முகத்துவாரத்து இழுப்பில் சின்னப் படகை இறக்காதீர்கள், வெள்ளம் தணிந்தபின் கலங்கல் நீரின் விளிம்பு வரை போய் மொள்ளுங்கள். ஆற்று முனை மாதிரியையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், போன வாரத்து எண் உதவாது.