கேசிங் ஷூவுக்குக் கீழே லீக்-ஆஃப் சோதனை செய்யும் முறை

எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது, கேசிங்கின் (கிணற்றுச் சுவராக இறக்கிச் சிமென்ட் இட்ட எஃகுக் குழாயின்) அடிநுனியான ஷூவுக்குக் கீழே உள்ள பாறை, எந்த அழுத்தத்தில் சேற்றை உள்ளே விடத் தொடங்குகிறது என்று பார்ப்பதே லீக்-ஆஃப் சோதனை. அடுத்த கட்டத்தில் எவ்வளவு கனமான சேறு (கிணற்றில் சுழலும் துளைத் திரவம்) பயன்படுத்தலாம், கிக் (பாறையிலிருந்து வாயுவோ திரவமோ கிணற்றுக்குள் புகுவது) வந்தால் எந்த அழுத்தம் வரை கிணற்றை மூடி வைக்கலாம் என்ற இரண்டு முடிவுகளும் இந்தச் சோதனையின் எண்ணை நம்பியே எடுக்கப்படுகின்றன. ஆகவே அவசரம் வேண்டாம்.

ஷூவைத் தாண்டி 10 முதல் 20 அடி புதுப் பாறையைத் துளையுங்கள். உள்ளே போகும் சேறும் திரும்பி வரும் சேறும் ஒரே எடை காட்டும்வரை சுழற்சி நடக்கட்டும். இதில் பலர் அவசரப்படுகிறார்கள். துளைத்த தூள் கலந்த சேறு வெளிவட்டத்தில் (துளைக்குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையிலான இடைவெளியில்) தங்கிவிட்டால், பின்னால் போடும் கணக்கு முழுவதும் பிசகும். சேறு உறைந்து கெட்டிப்பட்டிருந்தால், அதை நகர்த்தச் செலவாகும் அழுத்தமும் மானியில் சேர்ந்து, பாறையை உள்ளதைவிட வலுவாகக் காட்டும். இரண்டில் இதுவே ஆபத்தானது.

பிட்டை (துளைக்கும் முனையை) கேசிங்குக்குள் இழுத்து, குழாய்களில் காற்று இல்லாமல் நிரப்பி, பிஓபியை (கிணற்றின் வாயை அடைக்கும் பாதுகாப்பு வால்வை) மூடுங்கள். ரிக்கின் பெரிய பம்ப் இதற்கு ஆகாது. சிமென்ட் பம்பால் நிமிடத்துக்கு கால் முதல் அரை பேரல் வரை சீராகச் செலுத்துங்கள். ஒவ்வொரு கால் பேரலுக்கும் அழுத்தத்தை வரைபடத்தில் குறியுங்கள். ஷூவைத் துளைக்கும் முன் கேசிங்கைச் சோதித்தபோது கிடைத்த கோட்டையும் அதே தாளில் வரைந்து வையுங்கள். புதுக் கோடு அதைவிட மிகவும் சரிந்து போனால், சிமென்டில் வழி இருக்கலாம், அல்லது நீர் உறிஞ்சும் மணற்பாறை திறந்திருக்கலாம். தொடக்கத்தில் மட்டும் வளைவு இருந்தால் காற்று சிக்கியிருக்கிறது.

நேர்கோடு வளையத் தொடங்கும் புள்ளியே லீக்-ஆஃப் அழுத்தம். அதற்குமேல் ஓரிரண்டு புள்ளிகள் எடுத்துப் பம்பை நிறுத்தி, 10 நிமிடம் அழுத்தத்தைப் பதியுங்கள். சற்று இறங்கி நிலைத்தால் நல்லது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் சிமென்டைச் சந்தேகியுங்கள். பிறகு மெல்ல வடித்து, திரும்பிய அளவை அளந்து, செலுத்திய அளவோடு ஒப்பிடுங்கள்.

கணக்கு: ஷூ 5,000 அடி, சேறு கேலனுக்கு 9.6 பவுண்ட், லீக்-ஆஃப் 910 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட்) என்று வைப்போம். 0.052 என்பது இந்த அலகுகளை இணைக்கும் மாற்று எண். 910 ÷ (0.052 × 5,000) = 3.5. பாறை தாங்கும் சேற்று எடை 9.6 + 3.5 = 13.1. சாய்ந்த கிணற்றில் குழாயின் நீளத்தை எடுக்காமல் செங்குத்து ஆழத்தையே எடுக்க வேண்டும்.

சேற்றை 11 பவுண்டுக்கு ஏற்றியதும், மூடிய கிணற்றில் மேற்பரப்பில் அனுமதிக்கக்கூடிய உச்ச அழுத்தம் 910-லிருந்து (13.1 − 11) × 0.052 × 5,000 = 546 பிஎஸ்ஐ ஆகக் குறையும். சேற்று எடை மாறும் ஒவ்வொரு முறையும் சோக் பலகையில் (கிணற்றிலிருந்து வரும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை இயக்கும் பலகையில்) பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுங்கள்.