குடிலை ஒரே நாளில் கட்டி முடிக்காதீர்கள்

டிசம்பர் 24 சாயங்காலம் அட்டைப்பெட்டியைத் திறந்து, இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான எல்லாச் சுரூபங்களையும் (சின்னச் சிலைகளையும்) ஒரே மூச்சில் அடுக்கி, சீரியல் லைட்டைப் போட்டுவிட்டுப் பூசைக்கு ஓடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு, ஏனென்றால் குடிலில் யார் முதலில் வருகிறார்கள், யார் கடைசியில் வருகிறார்கள் என்ற வரிசையிலேயே இந்த விழாவின் பொருள் பாதி இருக்கிறது.

1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் துறவி புனித அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது சீரியல் லைட்டும் இல்லை, மினுமினுப்புத் தாளும் இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை, அங்கேயே திருப்பலி (பூசை), அவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்கு வேண்டிய எதுவும் இல்லாமல் ஆண்டவர் கிடந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அதனால் உங்கள் குடிலும் எளிமையாக இருக்கட்டும்.

முதல் வேலை புல். டிசம்பர் 12 வாக்கில் கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளை விட்டதும் அகலமான தட்டில் ஈரமண் பரப்பித் தூவுங்கள். முளை மண்ணில் பிடிக்கும் வரை மூடி வைத்து, அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். ரொம்ப முன்னாலேயே போட்டால் விழாவுக்குள் பழுத்துச் சாய்ந்துவிடும்.

அடுத்து மாடும் கழுதையும். நற்செய்தியில் இவை இரண்டும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பழைய ஏற்பாட்டில் இறைவாக்கினர் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில், மாடு தன் உடையவனை அறியும், கழுதை தனக்குத் தீனி போடும் இடத்தை அறியும், என் மக்களோ என்னை அறியவில்லை என்று கடவுள் வருந்துகிறார். அந்த வசனத்தை வாசித்துவிட்டு இரண்டையும் வையுங்கள்.

17ஆம் தேதி முதல் மரியாவையும் யோசேப்பையும் வீட்டின் இன்னொரு மூலையிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிலை நோக்கி நகர்த்தச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நாசரேத்திலிருந்து பெத்லகேம் 100 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நிறைமாதக் கர்ப்பிணியோடு, கடைசியில் தங்க இடமும் இல்லை. தொட்டி மட்டும் காலியாகவே இருக்க வேண்டும். "பாப்பா எங்கே?" என்று பிள்ளை கேட்கும், அந்தக் கேள்விக்காகத்தான் கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் திருவருகைக் காலம் முழுவதும்.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் லூக்கா 2இல் முதல் பதினான்கு வசனங்களை வாசிக்க, வீட்டின் கடைக்குட்டி குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைக்கட்டும். உலகைப் படைத்தவர் மாடு தின்னும் தொட்டியில் கிடக்கிறார், நம்மைக் காப்பாற்ற அவ்வளவு கீழே இறங்கி வந்தார், இதுதான் கிறிஸ்துமஸ். புதுத்துணியும் கேக்கும் இதற்காகத்தான். (வைக்கோல் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றாதீர்கள், நொடியில் பற்றிக்கொள்ளும்.)

உடனே இடையர்களை வையுங்கள். இயேசு பிறந்த செய்தி முதலில் போனது அரசன் ஏரோதின் அரண்மனைக்கு அல்ல, வயல்வெளியில் கிடையைக் காத்து விழித்திருந்தவர்களுக்கு. காலையில் பலகாரத் தட்டு தூக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் முன் தெருவின் இரவுக் காவலாளிக்கும் குப்பை அள்ள வரும் அக்காவுக்கும் போகட்டும், மிச்சம் மீதி அல்ல, முதல் தட்டே.

விண்மீனைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை அன்று குடில் பக்கமே கொண்டுவராதீர்கள். ஷோகேஸ் மேலேயோ ஜன்னல் ஓரத்திலோ நிற்கட்டும், அவர்கள் இயேசுவை வணங்கியதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவுக்கு (ஜனவரி தொடக்கத்தில் வருவது) வந்து சேரட்டும். நற்செய்தியாளர் மத்தேயு அவர்கள் மூன்று பேர் என்று எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. யூதர் அல்லாத அவர்கள் வந்து வணங்கியதால்தான் இந்தப் பிள்ளை எல்லா மக்களுக்கும் உரியவர் என்று திருச்சபை கொண்டாடுகிறது. பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு. மூன்றாவது காணிக்கையான வெள்ளைப்போளத்தை (நறுமணப் பிசினை) பிள்ளைகளுக்கு விளக்கும்போது யோவான் 19ஐயும் திறந்து காட்டுங்கள், இயேசுவின் அடக்கத்துக்கு யூதத் தலைவர் நிக்கதேம் கொண்டுவந்ததிலும் அது இருந்தது. தொட்டிக்கும் சிலுவைக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்கு அங்கே புரியும்.

திருக்காட்சியை அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்ததும் குடிலைப் பிரிக்கலாம். புல்லை ஆட்டுக்குப் போட்டுவிடுங்கள். சுரூபங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, குழந்தை இயேசுவை மட்டும் பஞ்சு வைத்துத் தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள், அதன் விரல்கள்தான் முதலில் உடையும்.