கேலண்டரில் நமக்கென்று ஒரு விடுமுறைப் பட்டியல்

ஒரு திங்கட்கிழமை காலை, ஏழு மணிகூட ஆகவில்லை, போன் அடித்தது. "அக்கா, மெயின் கதவு பூட்டியிருக்கு. இன்னைக்கு லீவா?"

லீவுதான். எங்கள் குழுவுக்குப் பணியட்டவணை போடுவது என் வேலை. அந்தப் பெண்ணின் பெயரைக் காலை ஷிஃப்டில் எழுதியதும் நான்தான். விடுமுறை சனிக்கிழமையில் விழுந்ததால், அதற்கு ஈடாகத் திங்கட்கிழமையை நிர்வாகம் விட்டிருந்தது. என் கம்ப்யூட்டர் கேலண்டரில் இருந்த ரெடிமேட் பட்டியலில் சனிக்கிழமை மட்டுமே இருந்தது. அதைப் பார்த்து அட்டவணை போட்டேன். விடியும் முன்பே எழுந்து கிளம்பி வந்தவர், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து விடுமுறைப் பட்டியலை நானே செய்துகொள்கிறேன்.

கேலண்டரோடு வரும் பட்டியல் நாட்டு அளவில் தொகுத்தது. அதில் உங்கள் அலுவலகம் மூடாத நாட்களும் இருக்கும். மூடும் நாட்கள் சில இருக்காது. ஈடுநாள், நிறுவன நாள், ஆண்டு இறுதி மூடல் இதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளிலோ எக்செல் ஷீட்டிலோ நாட்களை எழுதிவிடுங்கள். தேதி, கிழமை, பெயர், அன்று மூடலா இல்லை தகவலுக்கு மட்டுமா என்று நான்கு பத்திகள் போதும். கிழமைப் பத்தியை விட்டுவிடாதீர்கள். தேதியை மட்டும் பார்த்தால் கண்ணுக்குத் தப்புவது, கிழமையை எழுதும்போது பிடிபடும்.

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல், கேலண்டர் மென்பொருளான அவுட்லுக்கிலிருந்து தொடங்குகிறேன். கம்ப்யூட்டரில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய, அதாவது கிளாசிக் அவுட்லுக்கைச் சொல்கிறேன். அதில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கேலண்டர் என்று போனால் 'ஆட் ஹாலிடேஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வரும். டிக் செய்தால் அந்த நாட்டு விடுமுறைகள் உங்கள் கேலண்டரில் வந்து உட்காரும். இந்தப் பெயர்களும் நாட்களும் 'எச்ஓஎல்' (.hol) என்ற நீட்சி, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள், கொண்ட ஒரு கோப்பிலிருந்து வருகின்றன. அது சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், அதே போல ஒன்றை நாமே எழுதவும் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் கூடவே கொண்டு வந்த கோப்பில் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் அது மாற்றப்பட்டால் உங்கள் உழைப்பும் சேர்ந்து போய்விடும். தனிக் கோப்பாகவே எழுதுங்கள். 2027க்கு ஒரு மாதிரி:

[பணியட்டவணை 2027] 5
ஆண்டுத் தொடக்கம், 2027/1/1
தொழிலாளர் தினம், 2027/5/1
தொழிலாளர் தின ஈடுநாள், 2027/5/3
நிறுவன நாள், 2027/7/12
ஆண்டு இறுதி மூடல், 2027/12/31

இவ்வளவுதான் கோப்பு. சதுர அடைப்புக்குள் பட்டியலின் பெயர், ஒரு இடைவெளி, அப்புறம் கீழே எத்தனை நாட்கள் என்ற எண். ஒவ்வொரு வரியிலும் நாளின் பெயர், காற்புள்ளி, தேதி. தேதியில் ஆண்டுதான் முதலில் வரும், பிறகு மாதம், கடைசியில் நாள். பெயரையும் தேதியையும் பிரிப்பது அந்தக் காற்புள்ளி என்பதால், பெயருக்குள் இன்னொன்று போடாதீர்கள். ஈடுநாள் வரியைப் பாருங்கள். 2027இல் மே 1 சனிக்கிழமை. திங்கட்கிழமை ஈடு கிடைக்கும் இடமென்றால் அதற்குத் தனி வரி வேண்டும். அந்த வரியைச் சேர்க்கும்போது மேலே இருந்த 4ஐ 5 ஆக்க வேண்டும். எண்ணும் வரிகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், எழுதி முடித்ததும் வரிகளை விரல் வைத்து எண்ணிவிடுவது என் வழக்கம்.

சேமிக்கும்போது இரண்டு விஷயம். 'சேவ் ஆஸ்' பெட்டியில் கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் கடைசியில் தன் டிஎக்ஸ்டி (.txt) நீட்சியைச் சேர்த்துவிடும், அவுட்லுக் அதைத் தன் கோப்பென்று எடுத்துக்கொள்ளாது. நீட்சிகளை விண்டோஸ் மறைத்தே வைத்திருப்பதால் என்ன கோளாறு என்றும் சட்டென்று தெரியாது. அடுத்தது, தமிழில் பெயர் எழுதியிருந்தால், எழுத்துகளை எந்த முறையில் சேமிப்பது என்று கேட்கும் 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூடிஎஃப்-16 எல்இ' (UTF-16 LE) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய நோட்பேடில் இதற்கு 'யூனிகோட்' என்றே பெயர். 'ஏஎன்எஸ்ஐ' (ANSI) என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். நான் முதல்முறை செய்த பட்டியல் முழுக்க அப்படித்தான் ஆனது, மறுபடி தட்டச்சு செய்தேன்.

கோப்பை டபுள் கிளிக் செய்தால் அவுட்லுக்கின் அதே பெட்டி திறக்கும். உங்கள் பட்டியலின் பெயர் அதில் இருக்கும். டிக் செய்து ஓகே கொடுத்தால் முடிந்தது.

அடைப்புக்குள் வைக்கும் பெயரைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். அவுட்லுக் அந்தப் பெயரை ஒவ்வொரு நாளின் 'லொக்கேஷன்' கட்டத்திலும் எழுதிவிடுகிறது. இது பிற்பாடு பெரிய உதவி. பட்டியலில் தப்பு இருந்தாலோ, தெரியாமல் இரண்டு முறை சேர்த்து எல்லா நாளும் இரட்டையாகத் தெரிந்தாலோ, வியூ மெனுவில் 'சேஞ்ச் வியூ' போய் லிஸ்ட் காட்சிக்கு மாறுங்கள். லொக்கேஷன் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் 'பணியட்டவணை 2027' என்ற வரிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். முதல் வரியைச் சொடுக்கி, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே கடைசி வரியைச் சொடுக்கி, டிலீட். பெயரில் ஆண்டையும் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு ஆண்டின் நாட்களை மட்டும் தனியாக எடுக்க முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலரும் கவனிக்காமல் விடுவது. இப்படிச் சேர்த்த விடுமுறைகள் 'ஃப்ரீ' என்ற நிலையில் பதிவாகின்றன. அதாவது அன்றைக்கு மீட்டிங் வைக்க நினைப்பவருக்கு நீங்கள் ஓய்வாக இருப்பதாகவே தெரியும். உண்மையிலேயே மூடும் நாட்களைத் திறந்து 'ஷோ ஆஸ்' என்ற இடத்தில் 'அவுட் ஆஃப் ஆபிஸ்' என்று மாற்றிவிடுங்கள். ஷீட்டில் 'மூடலா, தகவலா' என்று ஒரு பத்தி போடச் சொன்னேன் அல்லவா, அது இந்த இடத்தில்தான் கை கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு நாட்களை மாற்றச் சில நிமிடம்தான் ஆகும்.

புதிய அவுட்லுக்கில் எச்ஓஎல் வழி கிடையாது. அதிலும், தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல், கேலண்டர் மென்பொருளிலும், ஆப்பிள் கேலண்டரிலும் ஓடுவது 'ஐசிஎஸ்' (.ics) கோப்பு. எல்லாக் கேலண்டர்களுக்கும் பொதுவான இந்த வடிவத்தின் வரையறை முதலில் 1998இலும், திருத்தப்பட்டு 2009இலும் வெளியானது. இதையும் நோட்பேடில் எழுதலாம்தான். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன், வரிகள் அதிகம், பிழைக்கு இடமும் அதிகம். தண்டர்பேர்டில் காலியாக ஒரு புதிய கேலண்டரை உங்கள் கம்ப்யூட்டரிலேயே உருவாக்குங்கள். பெயர் வைத்து, கண்ணில் படும் ஒரு நிறம் கொடுங்கள். விடுமுறைகளை முழுநாள் நிகழ்வுகளாக ஒவ்வொன்றாகச் சேருங்கள். பிறகு அந்தக் கேலண்டரின் பெயர் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஐசிஎஸ் கோப்பு தயார். அதைக் குழுவில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அவர்கள் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் சரி.

வாங்குபவர் அதை எங்கே இறக்குகிறார் என்பதுதான் முக்கியம். தன் சொந்தக் கேலண்டருக்குள் இறக்கிவிட்டால் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டும் அலுவலக விடுமுறையும் ஒரே குவியலாகிவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. தனிக் கேலண்டராகவே வைத்தால் வேண்டாதபோது டிக்கை எடுத்து மறைக்கலாம், தப்பென்றால் மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கலாம். கிளாசிக் அவுட்லுக்கில் இம்போர்ட் செய்யும்போது அது கேட்கவே செய்யும்: 'ஓப்பன் ஆஸ் நியூ'வா, 'இம்போர்ட்'டா என்று. முதலாவதைச் சொல்லுங்கள்.

யாராவது கையால் எழுதிய ஐசிஎஸ் கோப்பு உங்களிடம் வந்தால், பல நாள் விடுமுறைகளின் கடைசி நாளைச் சரிபாருங்கள். இந்த வடிவத்தில் முடிவுத் தேதி என்பது விடுமுறைக்கு அடுத்த நாள். 10ஆம் தேதி முதல் 12 வரை மூன்று நாள் விடுமுறை என்றால் முடிவு 13 என்று இருக்க வேண்டும். 12 என்று எழுதியிருந்தால் கேலண்டரில் இரண்டு நாள்தான் தெரியும்.

இணையத்திலிருந்து சந்தாவாகச் சேர்க்கும் பட்டியல்களும் உண்டு. ஆப்பிள் கேலண்டரின் அமைப்பில் விடுமுறைக் கேலண்டரைக் காட்டு என்று ஒரு டிக் இருக்கிறதே, அது அந்த வகை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு நாளைக்கூட உங்களால் நீக்கவோ திருத்தவோ முடியாது, பார்க்க மட்டும்தான். அதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டு, அட்டவணைக்குச் சொந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறேன்.

'ஆண்டுதோறும் திரும்ப வரும்' என்று ஒரே பதிவில் முடித்துவிடலாமே என்று கேட்பார்கள். தேதி மாறாத நாளுக்கு அது சரிப்படும். 'மே மாதக் கடைசித் திங்கள்' போன்ற கணக்குக்கும் மென்பொருளில் வழி உண்டு. நிலவைப் பார்த்து வரும் நாட்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஈஸ்டர் ஞாயிறு 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. முழுக்க நிலவையே பின்பற்றும் ஆண்டுக்குச் சுமார் 354 நாட்கள்தான், ஆகவே அந்த விடுமுறைகள் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். பிறை பார்த்து அறிவிப்பவை கடைசி நேரத்தில் ஒரு நாள் தள்ளியும் போகும். அப்படிப்பட்ட நாட்களின் பெயருக்குப் பின்னால் 'உறுதியல்ல' என்று எழுதி வைக்கிறேன், அறிவிப்பு வந்ததும் அந்தச் சொல்லை எடுக்கிறேன். மாறாத நாட்களுக்கும் நான் திரும்ப வரும் பதிவு போடுவதில்லை. ஈடுநாள் விஷயம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

வேறு ஊர்களில் இருப்பவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு: கிளாசிக் அவுட்லுக் முழுநாள் நிகழ்வை, நேர மண்டலத்தோடு சேர்த்து நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று பதிகிறது. கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை மாற்றினால் ஒரு நாள் விடுமுறை இரண்டு நாட்களின் மேல் படர்ந்து தெரியும். பதறிப்போய்த் திருத்தாதீர்கள், மண்டலத்தைத் திரும்ப மாற்றினால் அதுவும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஐசிஎஸ் கோப்பில் நேரமில்லாமல் தேதி மட்டும் எழுதப்பட்ட நாளுக்கு மண்டலமே கிடையாது, எந்த ஊரிலும் அது அதே தேதி.

எல்லாம் ஏற்றியபின், மாதக் காட்சியில் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிக்கொண்டே ஷீட்டில் டிக் போடுங்கள். சனி, ஞாயிறில் விழும் ஒவ்வொரு நாளுக்கும் நின்று, ஈடு உண்டா என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் இதை நவம்பரில் செய்கிறேன், டிசம்பரில் கோப்பை எல்லோருக்கும் அனுப்புகிறேன். முதல் பிரதி போவது, அன்று கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணுக்கு. இரண்டாவது கண்ணாக அவர்தான் ஒவ்வொரு ஆண்டும் பட்டியலைப் பார்த்துத் தருகிறார்.