நிமோனியாவா என்று பார்க்க முதலில் மூச்சை எண்ணுங்கள்

டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். அதற்கு முன்பு பெரியவர்களின் மருத்துவ வார்டில் இருந்தேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இரண்டு வார்டுகளும் நிரம்பிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டால் காய்ச்சல் கணக்குதான் வரும். "மூணு நாளா நூத்தி ரெண்டு சிஸ்டர், நேத்துதான் விட்டுச்சு" என்பார்கள். மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று ஒரு நாள் கூடுதலாக வீட்டில் வைத்திருப்பார்கள். அந்த ஒரு நாளில்தான் பிள்ளை மோசமாகியிருக்கும்.

நிமோனியா என்பது நுரையீரலின் காற்றுப் பைகளில் சீழும் நீரும் தேங்குவது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் பிராணவாயு ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அதை ஈடுகட்ட உடம்பு மூச்சை வேகமாக்கும். அதனால் எக்ஸ்ரேக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் முன்பே வீட்டில் தெரியக்கூடிய முதல் அடையாளம் மூச்சின் வேகம்தான். மருத்துவர் இல்லாத ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் நிமோனியாவைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லித்தரும் வழியும் இதுவே. அவர்களால் முடியும் என்றால் ஒரு தாயாலும் முடியும்.

குழந்தையின் மூச்சை எண்ணும் முறை

பிள்ளை அமைதியாக இருக்க வேண்டும். அழும்போதோ, பால் குடிக்கும்போதோ, ஓடி விளையாடிவிட்டு வந்ததுமோ எண்ணினால் கணக்கு தப்பும். தூங்கும்போது எண்ணுவது மிக எளிது. சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முறை மேலே எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, மணி அடிக்கும்வரை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். கைக்குழந்தைகள் கொஞ்சம் வேகமாக விடுவார்கள், கொஞ்சம் நிறுத்துவார்கள், மறுபடி வேகமாக விடுவார்கள். முழு நிமிடம் எண்ணினால்தான் சரியாக வரும். சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். இரண்டு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வயது வரை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலோ தடுப்பூசி அட்டைக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது மூச்சு தானாகவே கொஞ்சம் வேகமாகும். பாரசிட்டமால் கொடுத்துச் சூடு இறங்கியபின் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் எண் கூடுதலாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எண்ணும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு வெளியே வர வேண்டும். விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து உள்ளே போனால், பிள்ளை மூச்சுக்காகப் பாடுபடுகிறது என்று பொருள். மூக்கின் இரு பக்கமும் விரிவது, மூச்சை விடும்போது முனகுவது இவையும் அதே வகைதான். பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உதடு நீலம் பாரிப்பது, அமைதியாக இருக்கும்போதே மூச்சு இழுக்கையில் கரகரவென்று சத்தம் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு விதி இன்னும் கடுமை: மூச்சு வேகமானாலே நேராக மருத்துவமனைதான். அந்த வயதில் காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டுப் போவதும் ஆபத்தான அடையாளம்.

பெரியவர்களிடம் காய்ச்சலை நம்ப வேண்டாம்

எழுபது எண்பது வயதுக்காரர்களுக்கு நிமோனியா இருமலும் காய்ச்சலுமாக வர வேண்டும் என்பதில்லை. நேற்றுவரை பேப்பர் படித்தவர் இன்றைக்குப் பேத்தியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பாடு வேண்டாம் என்பார், பாத்ரூம் போகும் வழியில் தடுமாறி விழுவார். வயசாயிடுச்சு, இப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். திடீரென்று வந்த குழப்பம் வயதினால் வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணுகிறேன் என்று அவரிடம் சொல்லாமல், ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள். 30 என்றால் உடனே அவசரப் பிரிவு.

இந்த 30 நான் சொல்லும் கணக்கு இல்லை. பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து நோயாளிகளின் விவரங்களை வைத்து நிமோனியா எவ்வளவு கடுமை என்று பார்க்க 2003-இல் ஒரு மதிப்பெண் முறை வந்தது. புதிதாகக் குழப்பம், மூச்சு 30 அல்லது மேல், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90-க்குக் கீழ் அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்கும் கீழ், வயது 65 அல்லது மேல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ரத்தத்தில் யூரியா கூடியிருந்தால் ஐந்தாவது மதிப்பெண். கூடக்கூட ஆபத்து கூடும். இதில் முதல் நான்கையும் பி.பி. கருவி இருக்கிற எந்த வீட்டிலும் பார்த்துவிடலாம். மருத்துவரிடம் போனில் பேசும்போது "ரொம்ப முடியலைங்க" என்பதற்குப் பதிலாக "மூச்சு முப்பத்திரண்டு, பி.பி. தொண்ணூறுக்கு ஐம்பத்தெட்டு, ஆளை அடையாளம் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அடுத்த முனையில் இருப்பவர் உடனே முடிவெடுப்பார்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் இருக்கிறது. நகப்பூச்சை அழித்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் எண் ஒரு நிலைக்கு வரும்வரை பாருங்கள். 94-க்குக் கீழ் போனால் காட்ட வேண்டும், 90-க்குக் கீழ் என்றால் அவசரம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அவர்களுடைய மருத்துவர் சொன்ன எண் வேறாக இருக்கலாம். இன்னொன்று, இது நமக்கு முக்கியம். 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி பிராணவாயுக் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. கருமையான தோலில் கருவி எண்ணைக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே கருவி 95 காட்டியும் ஆள் மூச்சு வாங்கினால், ஆளை நம்புங்கள்.

மருத்துவமனையில் என்ன எதிர்பார்க்கலாம்

எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் தொடங்கிய முதல் நாளில் அதில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதை வைத்து நிமோனியா இல்லை என்று சொல்லிவிட முடியாது. இப்போது நுரையீரலையும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் கருவி வைத்துப் பார்க்கும் பழக்கம் பரவி வருகிறது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையிலேயே பார்க்கலாம், பழகியவர் கையில் நன்றாகவே கண்டுபிடிக்கும்.

"என்ன கிருமின்னே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று உறவினர்கள் கோபப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவில் சிகாகோ, நாஷ்வில் மருத்துவமனைகளில் நிமோனியாவுடன் சேர்ந்த பெரியவர்கள் 2,259 பேரிடம் இருக்கிற சோதனைகளையெல்லாம் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 38 சதவீதம் பேரிடம்தான் கிருமி ஏதாவது அகப்பட்டது. அதிலும் பாக்டீரியாவைவிட வைரஸ்தான் அதிகம். கிருமியின் பெயர் தெரியாமலே சிகிச்சையைத் தொடங்குவது அலட்சியம் இல்லை.

"ஊசி போடுங்க, டிரிப் ஏத்துங்க" என்று கேட்கவும் வேண்டாம். பிள்ளை வாயால் குடிக்கிறது, ஆபத்து அடையாளம் இல்லை என்றால், நெஞ்சில் பள்ளம் விழுந்தாலும் வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே மாற்றிவிட்டது. அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். காலை, இரவு இரண்டு வேளை. பொடியாக வரும் சிரப்பில் ஆறவைத்த வெந்நீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றி, ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுங்கள். கரையும் மாத்திரை என்றால் ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கலாம். இரண்டு நாள் கழித்தும் மூச்சு வேகம் குறையவில்லை என்றால், மீதி நாளும் முடியட்டும் என்றிருக்காமல் திரும்பப் போங்கள். போன மழைக்கு வாங்கி மிச்சமிருக்கும் சிரப்பை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

மருந்து நாட்கள் குறைந்திருக்கின்றன, இது நல்ல செய்தி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 800-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் மூன்று நாள் அமாக்ஸிசிலினையும் ஏழு நாளையும் ஒப்பிட்டார்கள். மறுபடி ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. பிரான்சில் மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களிலும், மூன்றாம் நாளில் நிலை சீரானவர்களுக்கு மூன்று நாள் மருந்து எட்டு நாளுக்குக் குறையவில்லை. இரண்டும் 2021-இல் வந்தவை. அதனால் மருத்துவர் ஐந்து நாளுக்கு எழுதினால் "பத்து நாள் எழுதித் தாங்க" என்று கேட்காதீர்கள். நாமாக இரண்டாம் நாளில் நிறுத்துவதும் கூடாது. எத்தனை நாள் என்பதை நோயாளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை உண்டு. 2023-இல் பிரான்சில் 800 பேரிடம் செய்த ஆய்வில், ஐ.சி.யூ.வில் இருந்த கடும் நிமோனியா நோயாளிகளுக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் 11.9 சதவீதத்திலிருந்து 6.2 சதவீதமாகக் குறைந்தார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அது ஐ.சி.யூ.வில், இன்ஃபுளுயன்சா நிமோனியாவை விலக்கிவிட்டுச் செய்தது. மெடிக்கலில் சளி மாத்திரையோடு சேர்த்துத் தரும் சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மாத்திரை இரண்டு நாள் காய்ச்சலை அடக்கி, சர்க்கரையை ஏற்றி, ஆளை தாமதமாக எங்களிடம் அனுப்பும். மெடிக்கலிலேயே கேட்டு வாங்கும் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். அது காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கிவைத்து, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்.

வராமல் இருக்க

குளிப்பாட்டியதும் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. எண்ணெய் தொண்டையில் இருமலைத் தூண்டாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் வரும் நிமோனியாவைத் தென்னிந்திய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறார்கள், அதற்கு ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. அம்மாச்சியிடம் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். உடம்புக்குத் தேய்க்கட்டும், மூக்குக்கும் காதுக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். சாம்பிராணிப் புகையையும் குழந்தை இருக்கும் அறையில் போட வேண்டாம்.

நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் இலவச அட்டவணையில் இருக்கிறது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். மூன்றாவதைத்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். நிமோனியாவைத் தரும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கான பாதுகாப்பு பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. அதை 2011 டிசம்பரில் இந்தியாவில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். பெரியவர்களுக்கான நிமோகாக்கல் ஊசியையும் ஆண்டுக்கொரு ஃபுளூ ஊசியையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

விறகடுப்புக்குப் பதில் கேஸ் கொடுத்தால் போதுமா என்று விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் சேர்த்து 3,200 வீடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு வயதுக்குள் வரும் கடும் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2024-இல் முடிவு வந்தது. புகை நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. அடுப்பை மாற்றியதோடு தடுப்பூசியை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், ஒரு பல்துலக்கும் பிரஷ் வாங்குங்கள். மருத்துவமனையில் தினமும் பல் துலக்கிவிட்டவர்களுக்கு அங்கே வரும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-இல் சொன்னார்கள். வாயிலிருக்கும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது. இரவில் பல்செட்டைக் கழற்றி வையுங்கள். பல்செட்டோடு தூங்கிய ஜப்பானிய முதியவர்களுக்கு நிமோனியா ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு "டிஸ்சார்ஜ் ஆயாச்சே, இன்னும் ஏன் படுத்தே இருக்கார்?" என்று யாரும் விரட்ட வேண்டாம். ஒரு வாரத்தில் காய்ச்சல் போகும். நெஞ்சு வலியும் சளியும் குறைய நாலு வாரம், இருமலும் மூச்சு வாங்கலும் குறைய ஆறு வாரம் ஆகும். அசதி மூன்று மாதம்வரை நிற்கும், சிலருக்கு ஆறு மாதம். இந்தக் காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது, முதல் மாதத்தில் அதிகமாகவே. பி.பி., சர்க்கரை, இதய மாத்திரைகளை ஒரு வேளையும் விடாதீர்கள். புகைபிடிப்பவர், ஐம்பது தாண்டியவர் என்றால் ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, அந்த இடம் தெளிந்துவிட்டதா என்று கேட்டு வாருங்கள். நிமோனியாவுக்குப் பின்னால் கட்டி மறைந்திருப்பது உண்டு.